நிலவறைப் படிக்கு என்ன எண்?

டுலுத்
6 நவம்பர் 1983

ஓரின்,

நான் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு வந்துவிட்டேன் என்று நீ வருத்தப்பட்டாயாம். டெல்பர்ட் எழுதியிருந்தான். வருத்தப்படுவதானால் என்னிடம் படவேண்டியதுதானே? ஆர்லீன் அக்கா வீட்டு முகவரி வெஸ்ட்பியில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இதைப் படித்துவிட்டு போனை எடுக்காதே. இங்கே போன் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அக்கா, அத்தான், பிள்ளைகள், நாய் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது போகட்டும், போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மன்னிப்புக் கேட்டுவிடுவாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது யோசித்தாக வேண்டும்.

நான் ஏன் பகடையை விட்டெறிந்துவிட்டுப் போனேன் என்று உனக்குத் தெரியவில்லையாம். சரி, சொல்கிறேன்.

ஆகஸ்டில் பால் லாரி என் காலில் ஏறியது. செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். வந்த முதல் வியாழக்கிழமையே உன் வீட்டு நிலவறைக்குத்தான் வந்தேன், ஏழு வருடமாக எல்லா வியாழக்கிழமையும் வந்தது போல. நீயும் டெல்பர்ட்டும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினீர்கள், சோபாவை இறக்குகிற மாதிரி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கீழே போய் உட்கார்ந்துவிட்டால் நான் ஆட்டத்தில் வருகிற கார்வா ஆகிவிடுவேன், வாளும் கவசமுமாக, இரண்டு நல்ல காலோடு.

உன் ஆட்டம் எப்படிப்பட்டது என்று நான் உனக்கே சொல்லவேண்டியிருக்கிறது. நீ சொல்கிற கதையில் எங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், எங்கள் ஆள் என்ன செய்யப்போகிறான் என்று நாங்கள் சொல்வோம். நீ அது எவ்வளவு கடினம் என்று பார்த்து ஓர் எண் சொல்வாய். இருபது முகப் பகடையை உருட்டி அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடந்தது, இல்லாவிட்டால் இல்லை. மற்ற ஊர்களில் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் ஏதோ தோன்றியதைச் சொல்கிறார்கள். நீ அப்படியா? ஆணிப் பைகளை உடம்பில் கட்டிக்கொண்டு உன் வீட்டுக் கொல்லையில் குதித்துப் பார்த்துவிட்டு வந்து, "கவசம் போட்டவ ஒம்பது அடிக்கு மேல தாண்ட முடியாது, நான் பாத்துட்டேன்" என்று சொன்னவன் நீ. ஈரக் கயிற்றைப் பிடித்து ஏற முடியாது என்று கார்வாவை மூன்று வாரம் கிணற்றுக்குள்ளேயே உட்கார வைத்தாய். மூன்று வாரமும் உன்னைத் திட்டினேன். ஆனால் அவள் ஏறி வெளியே வந்தபோது நிஜமாகவே வந்தாள்.

அந்த வியாழக்கிழமை கார்வா தாண்டவேண்டிய மலைப்பிளவின் அகலம் இருபது அடி. கார்வாவுக்குக் கவசம். முதுகில் டெல்பர்ட்டின் ஆள், அந்தக் காயம்பட்ட திருடன். நீ என்ன எண் சொன்னாய்? ஆறு. டெல்பர்ட்டின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நான் உருட்டினேன், ஏழு விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கஞ்சியை முழுக்கக் குடித்தால் நர்ஸ் அப்படித்தான் கைதட்டுவாள்.

கார்வாவுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஓரின். கால் போனது எனக்கு.

மார்லிஸ்

*

வெஸ்ட்பி
13 நவம்பர் 1983

அன்புள்ள மார்லிஸ்,

உன் கடிதம் வந்தது. கடையில் கூட்டம் இருந்ததால் ஆணி எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். குளிர் வருகிறதல்லவா, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜன்னல் இடுக்கை அடைக்கும் நினைப்பு வந்துவிட்டது.

ஆறு என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கார்வா நின்ற கரை எதிர்க்கரையைவிட உயரம். ஓடிவந்து தாண்ட இடம் இருந்தது. காற்று பின்பக்கத்திலிருந்து அடித்தது. மேலும் அவள் ஏழு வருடமாகச் சண்டை போட்டுப் பழகியவள், அந்தப் பழக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இதையெல்லாம் நான் அப்போதே விளக்கியிருக்க வேண்டும். நீதான் எழுந்துவிட்டாய். எழுந்தாய் என்றால், எங்களைக் கூப்பிட்டாய். மேலே கொண்டுபோய் விடச் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் உடனே தூக்கிக்கொண்டு ஏறினோம்.

உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. கார்வா எதிர்க்கரையிலேயே நிற்கிறாள். டெல்பர்ட்டின் திருடன் அவள் முதுகைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறான். "சொகமா இருக்குடா, அவ வர்ற வரைக்கும் நான் எறங்கமாட்டேன்" என்று சொல்லி வாராவாரம் அங்கேயே படுத்துக்கிடக்கிறான். அதனால் கதை நகரவில்லை.

ஒன்று யோசித்தேன். மேசையை மேலே சமையலறைக்குக் கொண்டுவந்துவிடலாம். நாளையே செய்யலாம். நீ எப்போது வந்தாலும் வாசலில் இரண்டே படி. விளக்கு கொஞ்சம் அதிக வெளிச்சம், அவ்வளவுதான் குறை.

ஓரின்

பி.கு. கரை உயரமாக இல்லை. காற்றும் அடிக்கவில்லை. பதினெட்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் ஊன்றுகோல்கள் மேசையில் சாய்ந்திருந்தன. ஆறு என்று வந்துவிட்டது.

*

டுலுத்
27 நவம்பர் 1983

ஓரின்,

பி.கு.வை மட்டும் அனுப்பியிருந்தால் தபால்தலை மிச்சமாகாவிட்டாலும் காகிதமாவது மிச்சமாகியிருக்கும். பரவாயில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நன்றி சொல்லும் நாள் விருந்து முடிந்து நான்கு நாளாக வான்கோழி சூப்பையே குடித்துக்கொண்டிருக்கிறோம். பாத்திரம் துடைக்கும்போது ஆர்லீன் அக்கா உன் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். ஆட்டத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி, கடைசில யாரு ஜெயிப்பா?"

"யாரும் ஜெயிக்கமாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடி ஆடுறீங்க?"

"அடுத்த வியாழக்கிழமையும் ஆடலாம்ல, அதுக்குத்தான்."

அக்கா நான் துடைத்து வைத்த தட்டையே மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

அவளுக்கு என்னை இங்கேயே வைத்துக்கொள்ள ஆசை. பள்ளிக்கூடப் பேருந்து அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை ஒன்று பேசி வைத்திருக்கிறாள். நம் ஊர்ப் பால் சங்கத்திலும் லாரிகளை அனுப்பிவைக்கிற மேசை வேலைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஜனவரி பத்தாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

சமையலறை வேண்டாம். எனக்காக மேசையை மேலே ஏற்றினால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் உள்ளே வரும்போதே எல்லாருக்கும் என் கால்தான் ஞாபகம் வரும். அப்படி ஓர் ஊரில் நான் இருக்கமாட்டேன். அந்த நிலவறைக்கு நானாக இறங்கிவர முடிந்தால் ஊருக்குத் திரும்புவேன். முடியாவிட்டால் டுலுத்தில் போன் எடுப்பேன். பைத்தியக்காரத்தனம் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

இப்போது நான் ஒற்றைக் கைத்தடியில் நடக்கிறேன். இடது முழங்கால் பாதிகூட மடங்காது. இனி மடங்கப்போவதும் இல்லை. பயிற்சி கொடுக்கிற ஹெல்வி அம்மாவுக்கு என் கண்ணீரைப் பார்த்தால் இரக்கமே வராது. "அழுதுகிட்டே நட, ரெண்டும் ஒரே நேரத்துல பண்ணலாம்" என்பாள். படி ஏறுவது பெரிதில்லையாம், இறங்குவதுதான் பாடு என்கிறாள். உன் நிலவறைப் படியைப் பற்றி அவளிடம் சொன்னேன். செங்குத்து, குறுகல், ஒரு பக்கம்தான் கைப்பிடி, நடுவில் ஒரு படி மட்டும் மற்றதைவிடத் தாழ்வு. அவள் தோளைக் குலுக்கினாள்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நீதானே ஆட்டத்தை நடத்துகிறவன்? நான் அந்தப் படியில் இறங்குகிறேன். என்ன எண்?

உண்மையான எண் வேண்டும். இன்னொரு ஆறு சொன்னாயானால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

மார்லிஸ்

*

வெஸ்ட்பி
5 டிசம்பர் 1983

மார்லிஸ்,

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

நீ உண்மையான எண் கேட்டாய். எனக்கு எண் கண்டுபிடிக்க ஒரு வழிதான் தெரியும் என்பது உனக்கே தெரியும். சனிக்கிழமை கடையிலிருந்து ஒரு பைன் பலகையை எடுத்துவந்து இடது தொடையிலிருந்து கணுக்கால்வரை வைத்து மூன்று பெல்ட்டால் இறுக்கிக் கட்டினேன். முழங்கால் பாதிகூட மடங்காது என்று எழுதியிருந்தாயல்லவா, பலகை கொஞ்சம்கூட மடங்காது, அதற்காகப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டேன். மண்வெட்டிக் காம்பு ஒன்றைக் கைத்தடியாக எடுத்துக்கொண்டேன். டெல்பர்ட்டை மேலே நிறுத்தி, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னேன்.

"ஒனக்கு மறை கழண்டுபோச்சாடா?" என்று கேட்டான். கேட்டாலும் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

முதல் முறை மூன்று படி இறங்கினேன். நான்காவதுதான் அந்தத் தாழ்ந்த படி. கால் தேடிய இடத்தில் படி இல்லை. மீதியை நான் இறங்கவில்லை, தானாக இறங்கிவிட்டது. டெல்பர்ட் முதலில் சிரித்தான், அப்புறம் நான் எழுந்திருக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, "ஆராய்ச்சி பண்ணான் டாக்டர்" என்று இவனே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். ஊர் முழுக்க இப்போது என்னை விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எண் இருபது. இருபதில் இருபது விழுந்தால் மட்டும். இந்தத் தடவை நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

வராதே மார்லிஸ். வருவதானால் சமையலறைக்கு வா. எங்களுக்கு உன் கால் ஞாபகம் வருமே என்கிறாய். வரத்தான் செய்யும், நிலவறையில் இருந்தாலும் வரும், கடையில் இருந்தாலும் வரும். உனக்கு ஒன்று தெரியாது. நீ ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரம் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தினமும் வந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனேன். உள்ளே வரத் தைரியம் இல்லை. நீ விழுவதைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் கிடையாது. இதையும் உண்மையாகவே சொல்கிறேன்.

ஓரின்

*

டுலுத்
11 டிசம்பர் 1983

அட முட்டாளே,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன், வண்டியில் உட்கார்ந்திருந்ததைத் தவிர. அது எனக்கு மட்டும்.

கை வலிக்கிறதா? எலும்பு கூடும்வரை கடையில் பெட்டி எதையும் தூக்காதே. தூக்குவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது கோபம். ஏழு வருடமாக உன்னிடம் இதைச் சொல்லவேண்டும் என்று இருந்தேன், என்ன சொல்லவேண்டும் என்று இப்போதுதான் புரிந்தது. நீ ஆணிப் பையைக் கட்டிக்கொண்டு குதித்தாய், ஒன்பது அடி வந்தது. அதனால் கார்வாவுக்கும் ஒன்பது அடி என்றாய். நீ யார்? ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன். பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் தலைவலி என்று படுத்துக்கொள்வாய். கார்வா யார்? பதினான்கு வயதிலிருந்து கவசத்தோடு தூங்கி எழுந்தவள். நீ ஈரக் கயிற்றில் ஏறிப் பார்த்துவிட்டு வழுக்குகிறது என்றாய். அவள் கை உன் கையா? எங்கள் எல்லாருடைய ஆட்களும் ஏழு வருடமாக உன் உடம்பைப் போட்டுக்கொண்டுதான் மலை ஏறினார்கள். அதனால்தான் பாவம், எல்லாரும் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

இப்போது என்னையும் உன் உடம்பால் அளந்திருக்கிறாய். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பலகை கட்டினாய். இந்தக் காலோடு நான் நாலு மாதமாக இருக்கிறேன். குளிக்கிறேன், பனியில் நடக்கிறேன், நாய் குறுக்கே வந்தால் திட்டிக்கொண்டே நிற்கிறேன். எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கலாம் என்று என் கைக்கும் இடுப்புக்கும் தெரியும். நீ கால் தேடிய இடத்தில் படி இல்லை என்றாய். நான் காலால் தேடமாட்டேன், முதலில் கைத்தடியால் தட்டிப் பார்ப்பேன். பத்து வருடம் பால் கேனைத் தூக்கிய தோள் இது. டெல்பர்ட்டைக் கேள், கைமல்யுத்தத்தில் அவன் எத்தனை தடவை தோற்றான் என்று. உண்மையைச் சொல்லமாட்டான், இருந்தாலும் கேள்.

அன்று இரக்கப்பட்டு ஆறு சொன்னாய். இப்போது பயந்து இருபது சொல்கிறாய். இரண்டு தடவையும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

என் எண் பதினான்கு. அதாவது கடினம். விழுந்தாலும் விழுவேன். ஆனால் முடியாதது இல்லை.

டிசம்பர் 29, வியாழக்கிழமை, அக்கா என்னை வண்டியில் கூட்டிவருகிறாள். அவள் மேலே சமையலறையில் இருப்பாள், மறுநாள் காலை திரும்பிவிடுவோம். நீங்கள் எல்லாரும் எப்போதும் போலக் கீழே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருங்கள். யாரும் எழுந்து வரக்கூடாது. கை நீட்டிக்கொண்டு படிக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. நீ உன் இடத்தில், படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. திரும்பினால் நான் அப்படியே மேலே ஏறி டுலுத்துக்குப் போய்விடுவேன்.

மார்லிஸ்

*

வெஸ்ட்பி
17 டிசம்பர் 1983

மார்லிஸ்,

சரி. பதினான்கு.

நீ சொன்னதை நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். டெல்பர்ட்டிடம் சொன்னேன். "ஏழு வருஷமா என் திருடன் பூட்டத் தெறக்க முடியாம நின்னதுக்கு காரணம் ஒன் தடிச்ச வெரல்தானா?" என்று என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரும் எழுந்து வரமாட்டோம். நான் திரும்பமாட்டேன். ஒரே ஒரு கேள்வி. படியின் இன்னொரு பக்கச் சுவரிலும் ஒரு கைப்பிடி அடிக்கலாமா? முன்னால் என்றால் உன்னைக் கேட்காமல் அடித்திருப்பேன். கேட்கவேண்டும் என்று இப்போது தெரிகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாரும் வயதாகி அந்தப் படியில் இறங்கப்போகிறவர்கள்தான், அதனால் இது உனக்காக மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தத் தாழ்ந்த படியை நான் தொடவில்லை.

ஓரின்

*

(அஞ்சலட்டை)

டுலுத்
20 டிசம்பர் 1983

அடி. என் இடுப்பு உயரத்துக்கு, உன் இடுப்பு உயரத்துக்கு இல்லை. முப்பத்துமூன்று அங்குலம். கட்டை உருண்டையாக இருக்கட்டும், தட்டையாக இருந்தால் பிடி நழுவும். மாவுக்கட்டோடு நீ அடிக்காதே, டெல்பர்ட்டை அடிக்கச் சொல். கிறிஸ்துமஸ் வாழ்த்து.

மா.

*

வெஸ்ட்பி
2 ஜனவரி 1984

அன்புள்ள மார்லிஸ்,

வெள்ளிக்கிழமை காலை உங்கள் வண்டி போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து, நீங்கள் மிச்சம் வைத்த லெஃப்சா ரொட்டி முழுவதையும் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி நானே தின்றுவிட்டேன். உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆர்லீன் அக்கா பனி கொட்டப்போகிறது என்று வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் நேரில் வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன்.

அன்று நான் மேசையில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என்ன கேட்டது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் மேலே கதவு திறந்தது. அக்கா ஏதோ சொன்னாள், நீ வேண்டாம் என்றாய். பிறகு கைத்தடி ஒரு தட்டு. பிறகு ஒரு கால். அடுத்த கால் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை, டெல்பர்ட்டிடமிருந்து கடிகாரத்தை முன்பே பிடுங்கி வைத்துவிட்டேன். எல்லாரும் அவரவர் ஆளின் விவரம் எழுதிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டெல்பர்ட் தன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

தாழ்ந்த படியில் கைத்தடி இரண்டு தடவை தட்டியது. அதைத் தாண்டிவிட்டாய் என்று தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். உன் கால் வழுக்கியது, கைப்பிடி கிரீச் என்றது, கைத்தடி உருண்டுவந்து என் நாற்காலிக் காலில் இடித்து நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

நீ விழுந்தாயா, பிடித்துக்கொண்டாயா, அழுகிறாயா, எதுவும் தெரியவில்லை. டெல்பர்ட் எதிரில் இருந்தான், அவனுக்கு ஓரக்கண்ணால் தெரிந்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவும் திரும்பிப் பார்ப்பது மாதிரிதான் என்று தோன்றியது. அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். மாவுக்கட்டுக் கையால் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அந்த விளிம்பில் இப்போது மாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடைக்கவில்லை.

ஏழு வருடமாகக் குதிப்பதற்கும் ஏறுவதற்கும் நீந்துவதற்கும் எண் சொல்லிவிட்டேன். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு எண் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் உடம்புக்கு அது இருபது, மார்லிஸ். அதற்கு மேல் பகடையில் எண் இல்லை.

பிறகு நீ படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து வருவது கேட்டது. நீ வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாய், முகமெல்லாம் வியர்வை. ஒருவரும் கைதட்டவில்லை. "கார்வா எங்க நிக்கிறா?" என்று கேட்டாய். மலைப்பிளவுக்கு இந்தப் பக்கம்தான், அன்று நான் சொன்ன எண் செல்லாது, அவள் இன்னும் தாண்டவில்லை என்று சொன்னேன். "என்ன எண்?" என்றாய். அவள் யார், எத்தனை வருடம் பழகியவள் என்றெல்லாம் உன்னையே கேட்டுவிட்டுப் பதினாறு என்றேன். உனக்கு நான்கு விழுந்தது. கார்வா கீழே ஓடிய ஆற்றில் விழுந்து கவசத்தையும் வாளையும் இழந்தாள், டெல்பர்ட்டின் திருடன் தண்ணீர் குடித்துக் குடித்து உன்னைத் திட்டினான், நீ மேசையில் தலையை வைத்துச் சிரித்தாய். செப்டம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

நீ இறங்கியது வெற்றியா தோல்வியா என்று நீ சொல்லவில்லை. நானாக இறங்கிவருவேன் என்றுதான் சொல்லியிருந்தாய், ஆனால் பாதிதான் நடந்தாய். இதற்கு எண் சொல்கிற உரிமை எனக்கு இல்லை, நீதான் சொல்லவேண்டும். பத்தாம் தேதி நெருங்குகிறது. நீ என்ன முடிவு செய்தாலும் செய். ஆனால் இது தெரியாமல் முடிவு செய்யாதே: உன் மேல் எனக்கு உயிர். ஆட்டத்தில் இருக்கிற ஆளுக்காகச் சொல்லவில்லை. உனக்காக, இந்தக் காலோடு இருக்கிற உனக்காக. இரக்கத்தால் சொல்கிறேனோ என்று நானே என்னைப் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இரக்கமாக இருந்திருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பேன்.

ஓரின்

*

டுலுத்
8 ஜனவரி 1984

அன்புள்ள ஓரின்,

நேற்று பால் சங்கத்துக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சமையலறைச் சுவரில் இருக்கிற போனில்தான், எல்லாரும் கேட்க. அக்கா கொஞ்சம் அழுதாள், அப்புறம் என் பெட்டியில் என்னென்ன வைக்கவேண்டும் என்று அவளே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தான் மட்டும், "அந்த விஞ்ஞானிகிட்ட சொல்லு, இனிமே பலகைய கதவு செய்ய மட்டும் வெச்சுக்கச் சொல்லு" என்றார். பிப்ரவரி முதல் வாரம் வருகிறேன். பால் சங்கத்துக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், வெயில் வருகிற ஓர் அறை பார்த்து வை. பார்த்துவிட்டு எனக்கு எழுது, நீயாகப் பேசி முடித்துவிடாதே.

நான் இறங்கியது வெற்றிதான். பாதி நடந்தேன், பாதி உட்கார்ந்து நகர்ந்தேன், ஆனால் யாரும் தூக்கவில்லை. பதினான்கு என்றது சரியான எண்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்த தடவை பதின்மூன்றாக இருக்கும்.

நீ எழுதியதைப் படித்த பிறகு, மேலேயிருந்து எனக்கு என்ன தெரிந்தது என்று நீயும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கைத்தடி உருண்டு போனதும் நான் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே மேசைக்கு மேல் அந்த ஒற்றை விளக்கு, உங்கள் தலைகள், உன் முதுகு. எனக்கு முழங்கால் வலித்ததைவிட வெட்கம்தான் அதிகமாக வலித்தது. திரும்பாதே என்று சொன்னவள் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் நீ திரும்பவேண்டும் என்று எனக்கு இருந்தது. சத்தியமாக இருந்தது. ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும், கூப்பிடவே வேண்டாம், நீயே வந்து தூக்கிவிடுவாய், எல்லாம் முடிந்துவிடும். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நீ திரும்பவில்லை. உன்னை அப்போது கண்டபடி திட்டினேன், மனதுக்குள்தான். அப்புறம் அழுகை வந்தது. நான் ஒருத்தி நிஜமாகவே இறங்கி வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தது. டாக்டர் அப்படி நம்பவில்லை, அக்கா நம்பவில்லை, நானே அந்த நிமிடத்தில் நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் நகர ஆரம்பித்தேன்.

எனக்கும் உன் மேல் உயிர்தான், ஓரின். எவ்வளவு நாளாக என்று கேட்காதே, அந்தக் கிணற்றுக்குள் மூன்று வாரம் உட்கார வைத்தாயே, அப்போதே என்று சொன்னால் நீ கர்வப்படுவாய்.

பிப்ரவரியில் முதல் வியாழக்கிழமை மறுபடியும் நானேதான் இறங்குவேன். யாரும் எழுந்து வரவேண்டாம். ஆனால் நீ உன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள். நான் விழுந்தாலும் சரி, வந்தாலும் சரி, என்னைப் பார்த்துக்கொண்டிரு.

மார்லிஸ்